புதுப்பிப்பு: 40 கிலோவில் நின்ற ஓவர்ஹெட் பிரஸ் நகர்ந்துவிட்டது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பிறகு தேடி வருபவர்களுக்காக: உப்புவெளிப் பக்கத்து ஜிம்மில் ஸ்குவாட் (எடை மாட்டிய இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்புவது) ஏறிக்கொண்டே போக, ஓவர்ஹெட் பிரஸ் (அந்தப் பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது) மட்டும் 40 கிலோவில் நிற்கிறது என்று கேட்டிருந்தேன். அங்கே பாரில் மாட்டும் ஆகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ ஏறும். 100 கிலோ ஸ்குவாட்டுக்கு அது 5 சதவீதம். 40 கிலோ பிரஸுக்கோ 12.5 சதவீதம். தோள் எப்படித் தாங்கும்?

அரைக்கிலோ பிளேட் வாங்கச் சொன்னீர்கள். திருகோணமலைக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. கையில் கட்டும் மணல் பட்டியைப் பாரில் சுற்றிப் பார்த்தேன். வழுக்கி ஒரு பக்கம் இழுக்கிறது, வேண்டாம்.

கைகொடுத்தது, எடையைக் கூட்டாமல், தூக்கும் தடவையைக் கூட்டச் சொல்லிப் பதில் எழுதிய ஒரு அண்ணையின் யோசனைதான். 3 செட் (இடைவிடாமல் தூக்கும் சுற்று), ஒவ்வொன்றிலும் 5 தடவையில் தொடக்கம். மூன்று செட்டிலும் 8 வந்த பிறகே 45க்குப் போய், திரும்ப 5இலிருந்து. செட்டுக்கிடையே 3 நிமிட ஓய்வு என்றதும் அவர்தான். எங்கட வெக்கையில் அதைச் சோம்பல் என்று சொல்லேலாது. இப்போது 45இல் 6, 6, 5 வருகிறது.

எதிர்பாராதது ஒன்று. அந்தப் பாரை வீட்டுத் தராசு கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தால் 17 கிலோதான்! ஜிம்மில் எல்லாரும் 20 என்றே கணக்குப் போடுகிறார்கள். ஆகவே மேலே நான் தூக்கியதாகச் சொன்ன எடைகள் எல்லாவற்றிலும் 3 கிலோவைக் கழித்து வாசியுங்கள்.