துருவ ஒளிப் படங்களின் நடுவே வளையங்கள்: பழுது கேமராவிலா, லென்ஸிலா?

தாமிரபரணிக் கரை:
வணக்கம். அப்பா அம்மாவுடன் நார்வேயின் ட்ரோம்சோ நகருக்கு வந்திருக்கிறேன். நேற்றிரவு நகருக்கு மேற்கே எர்ஸ்ஃபியோர்ட்பொட்ன் கடற்கரையில் நின்றோம். வானம் முழுக்கத் துருவ ஒளியின் பச்சை. ஆசை தீரப் படம் எடுத்தேன். அறைக்குத் திரும்பி மடிக்கணினியில் திறந்து பார்த்தால், ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மங்கலான வளையங்கள்! மையத்தில் இடைவெளி அகலமாக இருக்கிறது. வெளியே போகப்போக நெருங்கிக்கொண்டே போகிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பி எடுத்திருந்தாலும் வளையங்களின் மையம் படத்தின் மையத்திலேயே நிற்கிறது.

20 மி.மீ. லென்ஸ், எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, 6 விநாடி, முக்காலி. இதே லென்ஸில் பகலில் எடுத்த ஆர்க்டிக் கதீட்ரல் தேவாலயப் படங்களில் ஒரு குறையும் இல்லை. கேமரா வாங்கிய கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சென்சார் பழுதாக இருக்கலாம், மாற்ற வேண்டியிருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. வார இறுதியில் ஊர் திரும்புகிறோம். அதற்குள் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

இரவுப்பறவை:
சுருக்கிய ஜேபெக் கோப்பில் மட்டும் தெரிகிறதா, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலும் தெரிகிறதா? ஜேபெக்கில் மட்டும் என்றால் கோப்பைச் சுருக்கும்போது வரும் நிறப்படிகளாக இருக்கலாம். அதோடு, லென்ஸின் முன்னால் ஏதாவது ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா?

தாமிரபரணிக் கரை:
ராவிலும் அப்படியேதான். லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து புற ஊதா ஃபில்டர் மாட்டியிருக்கிறேன், கண்ணாடியில் கீறல் விழாமல் இருப்பதற்காக. இன்னொன்றும் கவனித்தேன். வளையங்கள் பச்சை வானத்தில் மட்டுமே இருக்கின்றன. ஓரத்தில் தெருவிளக்கு பட்ட பனியில் இல்லை.

ஒளியியல் ஆசிரியர்:
கடைசியாகக் கவனித்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. சென்சாரும் நல்லது, லென்ஸும் நல்லது. பணம் எதுவும் செலவழிக்காதீர்கள். அந்த ஃபில்டரைக் கழற்றுங்கள், வளையங்கள் போய்விடும்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் நல்ல கேமராக்களைப் பழுதுபார்க்க அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். துருவ ஒளியின் பச்சை, தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் ஒளி. அதன் அலைநீளம் 557.7 நானோமீட்டர். இலைப் பச்சையிலோ சட்டைப் பச்சையிலோ பல அலைநீளங்கள் கலந்திருக்கும். இந்தப் பச்சையோ, நிறமாலையில் மயிரிழை போன்ற ஒரே கோடு. சுவீடனின் இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரோம் 1860களிலேயே அந்தக் கோட்டை அளந்துவிட்டார். அது ஆக்சிஜனுடையது என்று உறுதிப்பட 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபில்டர் என்பது இரு முகங்களும் இணையாகத் தேய்க்கப்பட்ட தட்டைக் கண்ணாடி. வரும் ஒளியில் பெரும்பகுதி நேராக உள்ளே போய்விடும். சிறு பகுதி பின்முகத்தில் பட்டுத் திரும்பி, முன்முகத்தில் மீண்டும் பட்டு, முதல் ஒளியின் பின்னாலேயே லென்ஸுக்குள் நுழையும். இந்த இரண்டு அலைகளும் சில கோணங்களில் ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும், சில கோணங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். லென்ஸின் அச்சைச் சுற்றி ஒரே கோணத்தில் அமைந்த புள்ளிகள் எல்லாம் சேர்ந்தால் வட்டம். அதனால்தான் மையம் எப்போதும் படத்தின் நடுவிலேயே இருக்கிறது. சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் இப்படிச் சீரான வட்டங்கள் வராது.

பகலில் ஏன் வரவில்லை? வெயிலில் எல்லா அலைநீளங்களும் உண்டு. ஒவ்வொன்றின் வளையமும் வேறு வேறு இடத்தில் விழுவதால் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். தெருவிளக்கு பட்ட பனிக்கும் இதே விளக்கம்தான். துருவ ஒளியின் பச்சையில் அந்தக் கலப்பு இல்லாததால் வளையம் அப்படியே பதிந்துவிடுகிறது. மிக உயரத்தில் தோன்றும் சிவப்பும் முக்கியமாக 630 நானோமீட்டரில் உள்ள மெல்லிய கோடுதான், அதிலும் வளையம் வரலாம்.

விலையுயர்ந்த ஃபில்டர் வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் நல்ல மேற்பூச்சு இருந்தால் வளையம் மங்கும், முற்றிலும் போகாது. இன்றிரவு ஃபில்டரோடு ஒரு படமும் ஃபில்டர் இல்லாமல் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள், நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம்.

வடகடல் வாசி:
தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வடநார்வேயில் நெடுங்காலமாக இருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னது முற்றிலும் சரி. இங்கே வழிகாட்டிகள் வண்டியில் ஏறியதுமே முதலில் சொல்வது ஃபில்டரைக் கழற்றுங்கள் என்பதைத்தான்.

ஆனால் கடற்கரையில் நின்று கழற்றலாம் என்று இருந்துவிடாதீர்கள். குளிரில் ஃபில்டரின் உலோக விளிம்பு இறுகிவிடும், கையுறையோடு பிடி கிடைக்காது, வெறுங்கையால் தொட்டால் விரல் மரத்துவிடும். புறப்படும் முன் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஃபில்டர் இல்லாதபோது மூச்சுக்காற்று நேராக லென்ஸில் படும், பட்டவுடன் உறைந்துவிடும். அதைத் துணியால் தேய்க்கவே கூடாது. கைகளுக்குச் சூடு தரும் சிறு பொட்டலங்கள் இங்கே கடைகளில் கிடைக்கும். இரண்டை லென்ஸைச் சுற்றி வைத்து ரப்பர் பட்டை போட்டால் இரவு முழுக்கப் பனி படியாது. மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அறைக்குத் திரும்பும்போது மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே வந்ததும் திறக்காதீர்கள். கேமரா அறைச்சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளெல்லாம் நீர் கோத்துவிடும்.

இன்றிரவு ட்ரோம்சோவில் மேகம் என்றால் மனம் தளர வேண்டாம். துருவத்தைச் சுற்றி இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையப் பகுதியின் நேர் கீழே இந்த ஊர் இருப்பதால் ஒளி அனேகமாக வரும், மேகம்தான் மறைக்கும். நார்வே வானிலைக் கழகத்தின் மேக வரைபடத்தைப் பாருங்கள். கரை மூடியிருந்தால் உள்நாட்டுப் பக்கம் ஷிபோட்னுக்குப் போங்கள். காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். லிங்கன் மலைகள் கடல் மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் விண்ணோக்கு நிலையமே அங்கேதான் இருக்கிறது. குளிர் மட்டும் கரையைவிட அதிகம். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு அடுக்கு போட்டுவிடுங்கள்.

இரவுப்பறவை:
ஃபோகஸையும் கவனியுங்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், குளிரில் நகர்ந்துவிடும். வேகா விண்மீனைப் (நம் அபிஜித்) பாருங்கள், அங்கே அது அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. திரையில் அதை முழுதாகப் பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாக வரும்வரை கையால் திருப்பி, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒளி வேகமாக ஆடினால் 6 விநாடி அதிகம். திரைச்சீலை போன்ற ஒளியின் மடிப்புகள் எல்லாம் கரைந்து பச்சைக் குழம்பாகிவிடும். 2 அல்லது 3 விநாடிக்கு வாருங்கள், தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள்.

தாமிரபரணிக் கரை:
எல்லோருக்கும் நன்றி. கரையில் மேகம் என்பதால் ஷிபோட்னுக்கே போனோம். ஃபில்டர் இல்லாமல் எடுத்த எல்லாப் படங்களும் சுத்தம், ஒரு வளையம்கூட இல்லை. ஐயா சொன்னபடி ஃபில்டரைப் பிடித்து ஒன்று எடுத்தேன், வளையங்கள் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டன! கடைக்கும் எழுதிவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். முதல் இரவில் அப்பாவும் அம்மாவும் கடலைப் பார்த்து நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அப்பா கையை நீட்டி வானத்தைக் காட்டுகிறார். அம்மா தலையை முழுதாக அண்ணாந்திருப்பதால் சால்வை நழுவித் தோளில் கிடக்கிறது. சொல்லி நிற்க வைத்தது அல்ல, அப்படி இன்னொரு முறை அமையாது. அதில் வளையங்களைப் போக்க முடியுமா?

ஒளியியல் ஆசிரியர்:
முழுதாகப் போக்கும் வழி எதுவும் இல்லை. பல படங்களை அடுக்கிச் சராசரி எடுப்பதும் பயன்படாது. வளையம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நிற்பதால் சராசரியிலும் நிற்கும். ஆனால் குறைக்கலாம். வளையம் சீரான பச்சையில்தான் கண்ணை உறுத்தும், மடிப்புகள் உள்ள இடத்தில் அவ்வளவாகத் தெரியாது. எனவே வானத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து, தெளிவைக் கூட்டும் கருவிகளை எதிர்ப்பக்கமாகக் குறைத்து, பச்சையின் செறிவைச் சற்று இறக்குங்கள். பிறகு மையத்தில் எஞ்சும் ஓரிரு அகலமான வளையங்களை மென்தூரிகையால் ஒவ்வொன்றாகச் சமன்செய்யுங்கள். பெற்றோரின் உருவங்களைத் தொட வேண்டியதில்லை, அவர்கள் மேல் வளையம் இருக்காது.

வடகடல் வாசி:
கறுப்பு வெள்ளையாகவும் ஒன்று மாற்றிப் பாருங்கள் தங்கச்சி. பச்சையின் பங்கைக் குறைத்து மாற்றினால் வளையம் இன்னும் மங்கும், உருவங்கள் எடுப்பாக நிற்கும். துருவ ஒளியின் முதல் புகைப்படமே 1892இல் இதே வடநார்வேயில், ஆல்டாவுக்கு அருகே பொஸ்ஸெகொப்பில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம்தான். ரா கோப்பை மட்டும் அழித்துவிடாமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மென்பொருள் நாளுக்கு நாள் வளர்கிறது.

தாமிரபரணிக் கரை:
செய்துவிட்டேன், இரண்டு இடங்களில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்குப் பச்சைதான் வேண்டுமாம், ஊருக்குப் போனதும் தூரிகை வேலையைத் தொடங்குகிறேன்.