கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் மறதி: ஒரு கணக்கரின் அனுபவம்

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது எனக்குக் கோவிட் வந்தது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை, வீட்டுத் தனிமையிலேயே தேறிவிட்டேன். தொல்லை தொடங்கியது அதன் பிறகுதான். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் எனக்கு, பில்லில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவதற்காகத் திரையின் பக்கம் திரும்புவதற்குள் அந்த எண் மறந்துபோயிற்று. பழைய வாடிக்கையாளர்களின் பான் எண்கள்கூட நினைவில் இருந்தன. ஆனால் காலையில் கேட்ட செய்தி மதியம் நினைவில் இல்லை. "அக்கா, இதைக் காலையிலேயே சொன்னேனே" என்று உடன் வேலை செய்யும் இளம்பெண் கனிவாகத்தான் சொல்வாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குள் அச்சம் கூடிக்கொண்டே போனது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள்களில் மூளையைக் கசக்கி வேலையை முடித்துவிட்டால், மறுநாள் எழுந்து நடப்பதே பெரும்பாடாக இருந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் தைராய்டு, பி12, மூளை எம்ஆர்ஐ ஆகியவற்றை எடுக்கச் சொன்னார். அப்படிச் சொன்னதில் எனக்கு மனக்குறை இல்லை. தைராய்டுக் கோளாறு, வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இதே மறதியைத் தரக்கூடியவை என்பதால், அவற்றை முதலில் பார்த்தே ஆகவேண்டும். முடிவுகள் எல்லாம் சரியாக இருந்ததும், "வயதாகிறது, டென்ஷனைக் குறையுங்கள்" என்று அவர் அனுப்பிவைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறையிலேயே, களைப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு சிந்தனைத் திறன் குறைவும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர், என்னென்ன வேலைகள் தடைப்படுகின்றன என்று பொறுமையாகக் கேட்டறிந்து, மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். 30 மதிப்பெண்ணுக்கான சுருக்கமான நினைவுச் சோதனையில் நான் நன்றாகவே தேறினேன். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோட்டால் இணைப்பது போன்ற, நேரம் குறித்து நடத்தப்படும் நீண்ட சோதனைகளில்தான், அதிலும் பிற்பகுதியில், என் வேகமும் கவனமும் எவ்வளவு குறைந்துவிட்டன என்பது வெளிப்பட்டது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: சுருக்கமான சோதனையும் வழக்கமான எம்ஆர்ஐயும் சரியாக இருப்பதால் மட்டும் பாதிப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் சாயம் செலுத்தி எடுத்த சிறப்பு எம்ஆர்ஐயில், இத்தகைய சிந்தனை மந்தம் உள்ள நீள்கோவிட் (கோவிட்டுக்குப் பின் அறிகுறிகள் நீடிக்கும் நிலை) நோயாளிகளின் மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலான தடுப்பில் கசிவு இருப்பதைக் கண்டு 2024இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆயினும் இது கற்பனை நோய் என்று சொன்னவர்களிடம் காட்ட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வும் வெளிவந்தது. கோவிட் வராதவர்களோடு ஒப்பிடும்போது, அறிகுறிகள் நீங்காதவர்களுக்குச் சராசரியாக 6 ஐக்யூ (நுண்ணறிவு அளவீடு) புள்ளிகளுக்கு இணையான குறைவும், குணமானவர்களுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகளுக்கு இணையான குறைவும் இருந்தன. எனக்கு ஆறுதல் அளித்தது வேறொரு செய்தி: நீண்ட காலம் அவதிப்பட்டுப் பின்னர் குணமானவர்களின் நிலையும், விரைவில் குணமானவர்களின் நிலையை ஒத்தே இருந்தது.

இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஞாபகசக்தி டானிக்குகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். உளவியலாளரின் அறிக்கையைக் காட்டியதும், எண் சார்ந்த வேலைகளை எல்லாம் காலையில் முடித்துக்கொள்ள அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். களைப்பு தொடங்கும் முன்பே ஓய்வெடுப்பதும், கேட்டதை அப்போதே எழுதி வைப்பதும் எனக்குப் பெரிதும் உதவின. மருத்துவரிடம் போகும்போது "மறதி" என்று மட்டும் சொல்லாமல், முன்பு செய்ய முடிந்த எந்த வேலை இப்போது எந்த இடத்தில் தடைப்படுகிறது, அதன் பின் எவ்வளவு நேரம் படுத்திருக்க நேர்கிறது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். நான் இப்போது பெருமளவு தேறிவிட்டேன். ஆயினும் ஆண்டு இறுதிக் கணக்கை நானும் அந்த இளம்பெண்ணும் சேர்ந்தே சரிபார்க்கிறோம்.