மெட்டி ஒலியும் கோலங்களும்: நெடுந்தொடரின் எழுத்து எந்த இடத்தில் தளர்கிறது?

தாமரைக்குளத்தான் (கேள்வி)

2020 ஊரடங்கின்போது சன் தொலைக்காட்சி மெட்டி ஒலியை மறுஒளிபரப்பு செய்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. 2002 முதல் 2005 வரை அது முதன்முறை வந்தபோது நான் பள்ளி மாணவன். அன்று கதை மட்டுமே கண்ணில் பட்டது. இப்போது பார்க்கையில் அதன் எழுத்தில் உள்ள நிதானம் என்னை வியக்க வைத்தது. தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்து ஆளாக்கி, ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுக்கும் சிதம்பரம் என்ற தகப்பனைச் சுற்றி 800-க்கும் மேற்பட்ட பகுதிகள் நகர்கின்றன. பல பகுதிகளில் ஒரு கல்யாணப் பேச்சு, ஒரு சீர்வரிசைக் கணக்கு, ஒரு சம்பந்தி மனத்தாங்கல் ஆகியவற்றைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் மறுநாள் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்தில் தொடங்கிய கோலங்கள் 2003 இறுதியிலிருந்து 2009 இறுதி வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. அதன் முதல் பாதி எனக்கு மெட்டி ஒலிக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை. பிற்பாதியில் வில்லன் ஆதித்யாவின் சூழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியபோது மனம் சலித்துவிட்டது. இதற்கு நீளம்தான் காரணமா, அல்லது எழுத்தில் வேறேதும் மாறியதா? எந்த நடிகைக்கு எந்தப் புடவை பொருந்தியது என்ற பேச்சை விட்டு, கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

மேலமாசி வீதி வாசகர்

நீளத்தின் மேல் பழியைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு தொடரில் துன்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

மெட்டி ஒலியில் துன்பம் மனிதர்களின் சுபாவத்திலிருந்து பிறந்தது. ஐந்து மகள்களில் ஒருத்தியான சரோவின் கணவன் மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தன் நடித்த அந்தப் பாத்திரம், தாய் ராஜத்தின் பேச்சைத் தட்டத் தெரியாத, கோபம் மூக்கின் மேல் நிற்கும் ஒரு மனிதன். அவன் யாருக்கும் குழி பறிப்பதில்லை. தன் வீட்டில் நடப்பதெல்லாம் நியாயம் என்று மனதார நம்புகிறான். அதனால்தான் அவன் சிரித்த முகமாக இருக்கும் நாளிலும் நமக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும். ராஜம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாள் கெட்டுவிடும் என்பது சரோவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த முன்னறிவுதான் நம்மை மறுநாளுக்கு இழுத்துச் சென்றது. இப்படிப்பட்ட எழுத்து கையில் இருக்கும்போது, 'தொடரும்' போடுவதற்கு முன் ஒரே முகத்தை மூன்று கோணங்களில் காட்டி இடி முழங்கச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

டெல்லி குமார் நடித்த சிதம்பரத்தின் பாத்திர அமைப்பும் அவ்வாறே. தன் வீட்டுக் கூடத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பெண்கள் அவர் முகத்தைப் பார்த்தே நடந்துகொள்வார்கள். அதே மனிதர் சம்பந்தி வீட்டு வாசலை மிதித்ததும் குரல் ஒரு படி இறங்கிவிடும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பார். சொல்ல வந்ததில் பாதியை விழுங்குவார். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பெண்ணைப் பெற்றவரின் நிலைமை என்று நாம் ஊரில் வழக்கமாகச் சொல்வதை, ஒரு சொற்பொழிவும் இல்லாமல் அந்தக் குரல் மாற்றத்திலேயே எழுதிக் காட்டியிருந்தார்கள். திருமுருகன் இயக்கிய அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் தேனி மாவட்டத்துச் சிறுகதை எழுத்தாளர் பாஸ்கர் சக்தி. 2011-இல் திரைப்படமாக வந்த அழகர்சாமியின் குதிரை அவருடைய கதைதான். குடும்பச் சண்டையில் யாரும் நேராக விஷயத்துக்கு வருவதில்லை, தலைதீபாவளிக்குச் செய்ததையும் வளைகாப்புக்குச் செய்யாததையும் தொட்டுத்தான் வருவார்கள் என்பதை அறிந்த ஒருவரின் கை அந்த வசனங்களில் தெரிகிறது.

கட்டுமானத்திலும் ஒரு நல்ல யோசனை இருந்தது. ஐந்து பெண்கள் என்றால் ஐந்து புகுந்த வீடுகள். ஒரு வீட்டில் கதை ஓய்ந்தால் இன்னொரு வீட்டுக்குப் போகலாம். எங்கே என்ன நடந்தாலும் அது கடைசியில் தகப்பன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஆகையால் புதிய டிராக், அதாவது கிளைக்கதை, தொடங்குவதற்காக வெளியூரிலிருந்து ஒரு வில்லனைப் பேருந்தில் ஏற்றி வர வேண்டிய அவசியம் நேரவில்லை. கோலங்களின் பிற்பாதியில் துன்பம் வெளியிலிருந்து, திட்டம் போட்டு வந்தது. திட்டம் போடுகிறவன் தோற்றால் மறுபடியும் திட்டம் போடுவான் என்பது பார்வையாளருக்கு விளங்கிய நாளில் எழுத்து தளர்ந்துவிட்டது.

அபியின் பக்கம்

கோலங்களை இவ்வளவு எளிதாக ஒதுக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலமாசி வீதி ஐயா சொல்லும் அளவுகோலையே எடுத்துக்கொண்டு பார்த்தாலும் ஆதித்யா வெளியிலிருந்து வந்தவன் அல்லன். மனைவி கற்பகத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போன ஈஸ்வரனின் இன்னொரு குடும்பத்தில் பிறந்தவன் அவன். கற்பகத்தின் மகளும் தொடரின் நாயகியுமான அபிக்கு ஒரு வகையில் தம்பி. ஒரு தகப்பன் செய்த தவற்றின் கணக்கை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தப் பகையின் வேர். இதைவிடக் குடும்பத்துக்குள்ளிருந்து ஒரு துன்பம் எப்படிப் பிறக்க முடியும்?

மெட்டி ஒலியின் பெண்களை நான் நேசிக்கிறேன், ஆனால் அவர்களுடைய வாழ்க்கை கடைசி வரை யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் தீர்மானிக்கப்படுகிறது. தேவயானி நடித்த அபி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிறாள். கணவன் பாஸ்கரின் பண ஆசையைக் கண்டுகொண்ட பிறகு அந்த மணவாழ்க்கையை விட்டு வெளியே வருகிறாள். கட்டடத் தொழிலில் இறங்கித் தனக்கென ஒரு நிறுவனத்தை எழுப்புகிறாள். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணின் கதை அத்துடன் முடிந்துவிடும் என்று தொலைக்காட்சி நமக்குப் பழக்கியிருந்த காலத்தில், அவள் கதை அங்கேதான் ஆரம்பித்தது. தொடரை இயக்கிய திருச்செல்வமே நடித்த தொல்காப்பியனுடன் அவளுக்கு இருந்த உறவை ஆண்டுக்கணக்கில் நட்பாகவே வைத்துக்கொண்ட பொறுமையையும் நான் எழுத்தின் பலமாகவே எண்ணுகிறேன். எங்கள் வீட்டில் அலுவலகம் போய்வந்த பெண்கள் அந்தத் தொடரை ஏன் விடாமல் பார்த்தார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

நடுவில் சில நூறு பகுதிகள் சதியும் தப்பித்தலுமாக மாறி மாறி வந்தன என்பதை மறுக்கவில்லை. அங்கே குறைந்தது ஆதித்யாவின் காரணம் அன்று, அந்தக் காரணத்தை நமக்கு நினைவூட்டும் காட்சிகள். ஈஸ்வரனும் மகனும் தனியே உட்கார்ந்து பேசும் காட்சிகள் இன்னும் அதிகமாக வந்திருந்தால் அவன் வெறும் வில்லனாகத் தேய்ந்திருக்க மாட்டான்.

சிவகங்கைச் செல்வி

எழுத்தைக் கெடுத்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இனி இவருக்குப் பதிலாக இவர்" என்று ஒரு வரியைத் திரையில் போட்டுவிட்டு, நேற்று வரை நாம் அறிந்த மனிதரின் இடத்தில் புதிய ஒருவரை உட்கார வைப்பார்கள். முகம் மாறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவருக்கு ஏற்றபடி பாத்திரத்தின் குணமும் பேச்சும் மாறிப்போவதுதான் பொறுக்க முடியாதது. பத்து நாளில் ஒரு சாது முரடனாகிவிடுவார். அதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

படப்பிடிப்புத் தளத்திலிருந்து

சில ஆண்டுகள் நெடுந்தொடர்களில் உதவி இயக்குநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், எழுத்து மேசையில் நடப்பதைச் சொன்னால் உங்கள் விவாதத்துக்குப் பயன்படலாம்.

அந்தக் காலத்தில் பல தயாரிப்பாளர்கள் அலைவரிசையிடம் நேரத்தைக் கட்டணம் கொடுத்து வாங்கி, அந்த அரை மணி நேரத்துக்கான விளம்பரங்களைத் தாமே விற்று முதலை எடுத்தார்கள். பார்வையாளர் கூடிவிட்ட ஒரு தொடரை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கினால், அந்தக் கூட்டத்தை முதலிலிருந்து சேர்க்க வேண்டும்; சேரும் வரை விளம்பரம் வராது. ஆகையால் ஓடுகிற தொடரை நிறுத்த யாருக்கும் துணிவு வருவதில்லை. வாரத்துக்கு ஐந்து பகுதிகள், விளம்பரம் போக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இருபது நிமிடக் கதை என்பது ஓய்வே இல்லாத ஓட்டம். ஒரு வீட்டை அன்றைக்கு வாடகைக்கு எடுத்திருந்தால் அந்தக் கூடத்திலும் சமையலறையிலும் எடுக்கக்கூடிய எல்லாக் காட்சிகளையும், அவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இரவுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். காட்சியும் வசனமும் எழுதிய சீன் பேப்பர் சில நாள் படப்பிடிப்பு தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். நடிகர் தேதி கொடுக்காவிட்டால் கதை வளைந்தாக வேண்டும். செல்வி அவர்கள் சொல்லும் ஆள்மாற்றம் பெரும்பாலும் அப்படி நேர்வதுதான்.

நான் பணிபுரிந்த ஒரு தொடரில் நாயகிக்குத் திடீரென்று திரைப்பட வாய்ப்பு வந்து இரண்டு வாரம் வர இயலவில்லை. பாத்திரத்துக்கு விபத்து நேர்ந்ததாக எழுதி, முகத்தில் கட்டுப்போட்டு, வேறொரு பெண்ணை மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைத்தோம். இழுவை என்று திட்டு விழப்போகிறது என்றே நாங்கள் நினைத்தோம். வசன ஆசிரியர் ஒரு வேலை செய்தார். நினைவில்லாமல் கிடக்கும் அந்தப் பெண்ணிடம், வருகிறவர்கள் ஒவ்வொருவரும் இதுவரை சொல்லாததைச் சொல்வதாக எழுதினார். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த மாமியார், குடிக்க முடியாதவளுக்கு எதற்குக் கஞ்சி என்று மகன் கேட்டதும், "கையை வீசிக்கிட்டு எப்படிடா வர்றது?" என்று சொல்லிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அதுவரை அந்த மாமியாரை வெறுத்த பார்வையாளர்கள் அதன் பிறகு அவரைப் பற்றி வேறு விதமாகப் பேசினார்கள். ஆகவே நெருக்கடி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நெருக்கடியில் கடத்தலைக் கொண்டுவருவதா, கஞ்சியைக் கொண்டுவருவதா என்பதில்தான் எழுத்தாளரின் தரம் தெரிகிறது.

குதிரைக் குளம்பொலி

நாள்தோறும் வரும் தொடர்களையே எல்லோரும் பேசுகிறீர்கள். அவற்றுக்கு முன், தொண்ணூறுகளில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த மர்மதேசம் என்ற மர்மத் தொடர் வரிசையை இந்த விவாதத்திலிருந்து விட்டுவிடக் கூடாது. அதில் நாகா இயக்கிய விடாது கருப்பு, 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. கதையின் முடிவு எழுதியவருக்கு முதல் நாளே தெரியும். அதன் பயன் ஒவ்வொரு வாரமும் தெரிந்தது.

ஊரில் தவறு செய்தவர்களைக் கருப்புசாமியே குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகளாக வரும் ரத்னா அதை நம்ப மறுக்கிறாள். விடை அந்த வீட்டைச் சேர்ந்த ராஜேந்திரனின் பிளவுண்ட மனத்தில் இருக்கிறது என்று கடைசியில் தெரியும்போது, தொடக்கத்திலிருந்து அவன் நடந்துகொண்ட விதத்தையும் குழந்தைப் பருவத்தில் அவன் பட்டதையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்துகிறது. பார்வையாளரை ஏமாற்றுவதற்காக ஒரு காட்சிகூட பொய்யாக எழுதப்படவில்லை. அதே நேரத்தில் தெய்வ நம்பிக்கையைக் கேலி செய்து முடிக்கவும் இல்லை; ஊர்க்காரர்களின் பயத்துக்கும் பக்திக்கும் அதில் கடைசி வரை மரியாதை இருந்தது. முடிவு தெரியாமல் நடக்கும் நெடுந்தொடரில் இந்த நேர்மை கைகூடுவது மிகக் கடினம். எனவே தாமரைக்குளத்தான் கேட்ட கேள்விக்கு என் பதில், நீளத்தால் கெடுதல் இல்லை, முடிவு இன்னதென்று முடிவு செய்யாமல் நீள்வதால்தான் கெடுதல் என்பது.

மேலமாசி வீதி வாசகர்

குளம்பொலியாரின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். மர்மக் கதைக்கு முடிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் துப்பு வைக்கவே முடியாது. குடும்பக் கதைக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. சரோ நன்றாக வாழ்வாளா என்பதை எழுதியவர் முதல் நாளே தீர்மானித்திருக்க வேண்டிய அவசியமில்லை. மாணிக்கம் எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வான் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆதித்யா பற்றி 'அபியின் பக்கம்' சகோதரி எழுதியது நியாயமானது; அவனை வெளியிலிருந்து வந்தவனுடன் சேர்த்து எழுதியிருக்க வேண்டியதில்லை.

தாமரைக்குளத்தான்

அனைவருக்கும் நன்றி. சகோதரியின் பதிலைப் படித்த பிறகு கோலங்களின் தொடக்கப் பகுதிகளை ஈஸ்வரனை மட்டும் கவனித்தபடி மறுபடியும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒன்று இப்போதே கண்ணில் படுகிறது. விட்டுப்போன கணவனைப் பற்றிக் கற்பகம் பிள்ளைகளிடம் எதைச் சொல்கிறாள், எதை மறைக்கிறாள் என்பதில் எழுதியவர்கள் மிகுந்த கவனம் காட்டியிருக்கிறார்கள். சத்யபிரியா அந்த மௌனங்களை நடித்த விதமும் சிறப்பு. பிற்பாதியில் இந்தக் கற்பகம் என்ன ஆனாள் என்பதை முழுத் தொடரையும் தொடர்ந்து பார்த்தவர்கள் எழுதினால், ஆதித்யாவைப் பற்றிய கேள்விக்கும் அதிலேயே விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.