உதவி: பூ பற்றிய வாகா, திருத்தச் சொல்லித் திருப்பிட்டாங்க

நிலாமுற்றம்:
கொஞ்சம் அவசரம், சனிக்கிழமை வகுப்பு. கியோட்டோவில் ஒரு சின்ன வாகா (5-7-5-7-7 என்று அஞ்சு வரியில் வரும் ஜப்பானியக் கவிதை) குழுவில் சேர்ந்திருக்கேன். பூ தலைப்பில் எழுதிக் கொடுத்ததைச் சென்செய் (ஆசிரியர்) திருப்பிக் கொடுத்துட்டாங்க. முதல் வரியைச் சிவப்பு மையில் சுழிச்சிருக்காங்க, மூணாவது வரிக்கு அடியில் கோடு. வேற ஒண்ணும் எழுதல. 31 எழுத்து சரியா வருது, எண்ணிட்டேன். பொருள் இது: பூங்காவில் மழை, பூ உதிர்வது சோகமாய் இருக்க, பாலத்தின் மேலும் பூ குவிகிறது. எங்க இடிக்குது?

கடம்பன்:
பொருளை மட்டும் வச்சு என்னங்க சொல்றது? ஜப்பானிய வரிகளை அப்படியே போடுங்க. பழைய இலக்கணமா, இப்போதைய பேச்சு மொழியா, அதையும் சொல்லுங்க.

பனித்துளி:
வரியைப் பார்க்கலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சு இதுக்கு மருந்து மகுராகொத்தொபாதான், அதாவது சில சொல்லுக்கு முன்னாடி வழக்கமா வரும் அடைமொழி. பழங்கவிஞர் கி நோ தொமொநோரி பாட்டைப் பாருங்க: 'ஹிசகத்த நோ / ஹிக்கரி நொதொகெகி / ஹரு நோ ஹி நி / ஷிசுகொகொரோ நக்கு / ஹன நோ சிருராமு'. ஒளி தவழும் இந்த அமைதியான வசந்த நாளில் பூ மட்டும் ஏன் நிலைகொள்ளாமல் உதிர்கிறது என்று கேட்கிறார். 'ஹிசகத்த நோ' வானத்துக்கும் ஒளிக்கும் வரும் அடைமொழி, மழைக்கும் வரும். முதல் வரியில் அதை வச்சுட்டா அஞ்சு எழுத்து கச்சிதம்.

கடம்பன்:
பனித்துளி, 31இல் அஞ்சை அடைமொழிக்குக் கொடுத்துட்டா மிச்சத்தில் பாலம், மழை, பூ மூணும் நிக்கணுமே. தொமொநோரிக்கு வானமும் வெயிலும் வேண்டியிருந்தது, வச்சார். இவங்களுக்கு எதுக்கு?

வடகரையான்:
இந்தக் குழுவில் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, மறுபடியும் சொல்கிறேன். உதவி கேட்பவர் முதலில் இவற்றைச் சொல்ல வேண்டும். தலைப்பு முன்கூட்டித் தந்த கெந்தாயா, உட்கார்ந்த இடத்திலேயே எழுதும் தோஸாவா? தலைப்பின் முழு எழுத்துகள் என்ன? 'பூ' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. பழைய வாகாத் தொகுப்பான கோகின்ஷூவின் வசந்தப் பகுதிகளை ஒருமுறையாவது முழுக்கப் படித்தீர்களா? 1193ஆம் ஆண்டின் அறுநூறு சுற்றுப் பாட்டுப் போட்டியில் நடுவராக இருந்த கவிஞர் ஷுன்ஸெய், கெஞ்சி என்ற நெடுங்கதையைப் படிக்காமல் பாட்டு எழுதுகிறவர்களை நினைத்து வருந்தினார். படிப்பு இல்லாமல் திருத்தம் கேட்டால் யாராலும் உதவ முடியாது, தம்பி.

நிலாமுற்றம்:
தம்பி இல்லைங்க ஐயா, தங்கை. கவிதை இது:
கோஎன் நோ அமெ
ஹன கா சிரு நோ வா
கனஷிகுத்தே
ஹஷி நோ உஎ நி மோ
ஹன கா கசனரு
வண்டியில் இருக்கேன், ராத்திரி வந்து பார்க்கிறேன்.

கடம்பன்:
சுழிச்ச காரணம் இப்பத் தெரியுது. நாம கட்டளைக் கலித்துறையில் எண்ணுற மாதிரி ஒற்றை விட்டுட்டு எண்ணியிருக்கீங்க. கோ, எ, நோ, அ, மெ என்று அஞ்சு. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையில் தொடங்கினால் 17, ஒற்றுக்குக் கணக்கு இல்லை. நம்ம காதுக்கு அது பழகிப்போச்சு. ஜப்பானியத்தில் ஒற்று 'ன்' தனியா ஒரு மாத்திரை, நெடிலின் நீட்டமும் ஒண்ணு. கோ-உ-எ-ன்-நோ-அ-மெ, ஏழு. அஞ்சு வரவேண்டிய இடத்தில் ஏழு, மொத்தம் 33. மற்ற நாலு வரியும் சரியா இருக்கு.
கைதட்டி எண்ணிப் பழகுங்க. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தட்டு, 'ன்' வரும்போதும் கை தட்டணும். கொஞ்ச நாளில் காதே சொல்லும்.

ஊமத்தம்பூ:
கணக்கைச் சரி பண்ணிட்டாலும் இது உயிர் பெறாது. பழைய பெண் கவிஞர் கொமாச்சி பாட்டிலிருந்து ரெண்டு வரி எடுத்துக்கங்க. 'ஹன நோ இரோ வா / உத்சுரிநிகெரி நா'ன்னு தொடங்கி, கீழ்ப்பாதியில் உங்க பாலத்தை வையுங்க. ஹொன்காதோரி (பழம்பாட்டு வரியை எடுத்துப் புதுப்பாட்டில் வைக்கிறது) மரபுதானே.

வடகரையான்:
மரபுதான், ஆனால் அதற்கு வரம்பு வகுத்தவர் கவிஞர் தெய்க்கா. ஒரு பழம்பாட்டிலிருந்து இரண்டு வரியும் மேற்கொண்டு மூன்று நான்கு எழுத்தும்தான் எடுக்கலாம். அதைவிட முக்கியம், பூவைப் பற்றிய பாட்டை எடுத்துப் பூவையே பாடுவதையும் நிலவை எடுத்து நிலவையே பாடுவதையும் அவர் விரும்பவில்லை. வசந்தப் பாட்டை எடுத்தால் காதலுக்கோ வேறு பருவத்துக்கோ கொண்டுபோக வேண்டும். இங்கே தலைப்பே பூ.
மூன்றாம் வரிக்கு வருகிறேன். 'கனஷிகுத்தே' என்று சோகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் படிப்பவருக்கு வேலை இல்லை. கொமாச்சி எங்காவது சோகம் என்றாரா? அவர் பாட்டின் கீழ்ப்பாதியில் வரும் 'ஃபுரு' மழை பெய்வதுமாகும், வயது கழிவதுமாகும். 'நகமெ' நீண்ட மழையுமாகும், வெறித்துப் பார்ப்பதுமாகும். பூவின் நிறம் மங்குவதை மட்டும் சொல்கிறார், ஒரு பெண்ணின் வாழ்நாள் உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம், உங்கள் பாட்டில் 'ஹன' (பூ) இரண்டு முறை வருகிறது. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்ப வருவதைப் பாட்டின் நோய்களில் ஒன்றாகப் பழைய நூல்கள் சேர்த்திருக்கின்றன. 'கோஎன்' (பூங்கா) சீனவழிச் சொல், வாகாவில் உட்காராது.

செங்காந்தள்:
கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். சீனச் சொல்லோ மேலைச் சொல்லோ, தேவைன்னா எடுத்துக்கலாம்னு கவிஞர் மசவோகா ஷிகி 1898லயே நாளிதழில் தொடரா எழுதிட்டார். 905இல் அரச ஆணையில் தொடங்கின கோகின்ஷூவையும் அதைத் தொகுத்த சுரயுக்கியையும் அவர் விட்டுவைக்கல. நீங்க பார்த்த பூங்காவைப் பூங்கான்னே எழுதுங்க நிலாமுற்றம், கணக்கு மட்டும் சரியா இருந்தாப் போதும்.
ஷிகி முதுகெலும்புக் காசநோயில் படுக்கையில் கிடந்து 1901இல் எழுதினது: 'கமெ நி சசு / ஃபுஜி நோ ஹனபுச / மிஜிககெரெபா / ததமி நோ உஎ நி / தொதொகசரிகெரி'. ஜாடியில் வச்ச ஃபுஜிப் (விஸ்டீரியா கொடி) பூங்கொத்து குட்டையா இருக்கு, தரைப்பாய்க்கு எட்டல. அவ்வளவுதான். எழுந்து உட்கார முடியாத ஆளோட கண் தரை மட்டத்தில் இருந்தாத்தான் அந்த இடைவெளி தெரியும். சிலேடை இல்ல, அடைமொழி இல்ல, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

வடகரையான்:
அந்தப் பாட்டின் மூன்றாம் வரியை எண்ணுங்கள். மி-ஜி-க-கெ-ரெ-ப, ஆறு.

செங்காந்தள்:
கொமாச்சியோட முதல் வரியும் ஆறுதான். ஹ-ந-நோ-இ-ரோ-வா.

வடகரையான்:
அதில் நடுவே 'இ' என்ற தனி உயிர் இருக்கிறது, முன்சொல்லோடு ஒட்டிப் போய்விடும். பழம்பாட்டில் எழுத்து மிகும் வரிகளில் பெரும்பாலும் இப்படி இடையில் ஒரு தனி உயிர் இருப்பதை மொழி அறிஞர் நொரினாகா 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறார். ஷிகியின் வரியில் அது இல்லை.

செங்காந்தள்:
இல்லாததால்தான் அந்த வரி இழுக்குது. குட்டைன்னு சொல்ற இடத்தில் வரி நீளுது. எட்டாத தூரத்தை அந்த ஒரு எழுத்தில் கேட்கலாம்.

பனித்துளி:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். ஷிகியே அதுக்கு முன்னாடி கோகின்ஷூவைத் தலையில் வச்சுக் கொண்டாடினவர்தான், அதே தொடரில் அவரே எழுதியிருக்கார். அதனால யார் பக்கம்னு

கடம்பன்:
கேட்டவங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு. ஷிகி பத்தித் தனி இழை தொடங்குங்க, நானும் வர்றேன், எனக்கும் நிறையச் சொல்ல இருக்கு. நிலாமுற்றம், தலைப்பின் முழு எழுத்து இன்னும் வரல.

நிலாமுற்றம்:
தலைப்பு 'உசூ நோ ஹன', மழைக்கு நடுவில் பூ. போன மாசமே கொடுத்த கெந்தாய். இது முக்கியமான்னு தெரியல, அதான் எழுதல.

கடம்பன்:
ரொம்ப முக்கியம். இப்படிக் கூட்டுத் தலைப்பில் மழையும் வேணும், பூவும் வேணும், ஒண்ணையும் நழுவ விடக்கூடாது. உங்க பாட்டில் மழை முதல் வரியில் வந்துட்டுப் போயிடுது. அப்புறம் பூ வெயிலில் உதிர்ந்தாலும் அதே பாட்டுத்தான். மழை பூவுக்கு என்ன பண்ணுச்சு? பாலத்தில் நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க.

நிலாமுற்றம்:
மரப்பாலம். தூறல் விழற சத்தமே இல்ல, குடையில்கூடக் கேட்கல. பலகையில் இதழ் ஒட்டியிருந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு விழ விழ நிறம் அடர்த்தியாச்சு. ஒத்தை இதழா இருந்தப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு.

கடம்பன்:
பாட்டு இதுதாங்க! சோகம்னு எழுதின வரியைத் தூக்கிட்டு இதை வையுங்க. 'கோஎன் நோ அமெ'க்குப் பதிலா 'ஹருசமெ'. வசந்தத் தூறல், பழைய சொல், 'நோ' சேர்த்தா அஞ்சு.

செங்காந்தள்:
இதுக்கு நானும் கை தூக்கறேன். பார்த்ததை எழுதுங்க.

நிலாமுற்றம்:
ஹருசமெ நோ
ஒத்தோ மோ கிகொஎசு
இதபஷி நி
நுரெஷி சகுர நோ
இரோ கொசோ கசனரு
தூறலின் ஓசையும் கேட்கவில்லை, பலகைப் பாலத்தில் நனைந்த சகுராவின் நிறம் அடுக்கடுக்காய்ச் சேர்கிறது. தட்டி எண்ணினேன், கடைசி வரி மட்டும் எட்டு வருது.

வடகரையான்:
முதல் பாட்டுக்கும் இதற்கும் நல்ல தூரம். இரண்டு இடம். 'கொசோ' என்ற அழுத்தச் சொல் வந்தால் வினை 'கசனரெ' என்று முடிய வேண்டும், 'கசனரு' ஆகாது. அப்போதும் எட்டுத்தான், வரி நடுவில் தனி உயிரும் இல்லை. 'கொசோ'வை எடுத்துவிட்டு இன்னொரு அழுத்தச் சொல்லான 'ஸோ' போடுங்கள்: 'இரோ ஸோ கசனரு'. ஏழு வரும், 'ஸோ'வுக்கு 'கசனரு' என்ற வடிவமே பொருந்தும். இரண்டாம் வரியில் 'கிகொஎசு' என்றால் பாட்டு அங்கே நின்றுவிட்டதோ என்று தோன்றும். 'கிகொஎதெ' (கேட்காமல்) என்றால் மூன்றாம் வரிக்குள் வழுக்கிச் செல்லும். அதில் 'தெ' மெல்லொலி, 'தேன்' என்பதில் வருவது போல் அல்ல, 'சந்தேகம்' என்பதில் வருவது போல.

நிலாமுற்றம்:
மாத்திட்டேன். எல்லாருக்கும் நன்றி, ஓடணும்.

ஊமத்தம்பூ:
சென்செய் என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுங்க. பலர் பாதியிலேயே காணாமப் போயிடறாங்க.

நிலாமுற்றம்:
சுழி இல்லை. சத்தமா ரெண்டு தடவை வாசிச்சாங்க. 'நுரெஷி' பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

வடகரையான்:
அதை நான் சொல்லியிருக்க வேண்டும். 'ஷி' கடந்தகாலம், முன்பு எப்போதோ நனைந்தது என்றாகும். உங்கள் இதழ்கள் இப்போது நனைந்துகொண்டிருக்கின்றன. 'நுருரு சகுர நோ' என்று எழுதுங்கள், ஏழு மாறாது.