மந்திரவாதிகளுக்கு யார் கடிவாளம் போடுவது? யோசனை தேவை

நண்பர்களே, ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாடுகள்; மூன்றிலும் மந்திரம் நிஜமாகவே பலிக்கும். சட்டம் மட்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

துறைமுக நகருக்கு வழி கிடைத்துவிட்டது. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்து ‘கரோலினா’ என்ற குற்றவியல் சட்டத்தில் (1532), மந்திரத்தால் பிறருக்குக் கேடு செய்தவருக்குத்தான் தீயில் மரணம். கேடு இல்லையென்றால் வழக்குக்கு ஏற்ற தண்டனை. இதைக் கொஞ்சம் மாற்றி, காற்றைத் திருப்பிக் கப்பலைக் கவிழ்த்தவன் சரக்குக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எரிப்பதைவிட வியாபாரிகளுக்கு அதுதான் பிடிக்கும்!

பேரரசுக்கு ரோம். கி.பி. 11-இல் அகஸ்டஸ், குறிசொல்பவர்கள் யாருக்கும் தனிமையில் குறி சொல்லக் கூடாது, மரணத்தைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று தடை போட்டார். பயம் எங்கே என்று புரிகிறதல்லவா?

சிக்கல் மலைக்குடிகளிடம்தான். எழுதிய சட்டம் இல்லை, சிறை இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண் கோபத்தில் ஊர்க் களஞ்சியத்தையே எரித்துவிடுகிறாள், தனக்குச் சக்தி இருப்பதே தெரியாமல். பதில் சொல்ல வேண்டியது யார்? தாயா, குலமா, அவளேவா? ஊரைவிட்டு விலக்கினால் எதிரி அவளைச் சேர்த்துக்கொள்வான். அப்புறம், மந்திரப் பள்ளிக்கு அனுப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அலுத்துவிட்டது.