வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்துக்கு எதற்கு?

கரிசல்காட்டான்:
தன்பால் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வழக்கையே பாருங்கள். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அமெரிக்க, தென்னாப்பிரிக்க, ஐரோப்பியத் தீர்ப்புகளைக் காட்டி அந்தப் பிரிவை வெட்டிச் சுருக்கியது. 2013-இல் கௌஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இங்கே பொருத்த முடியாது என்று தள்ளிவிட்டது. 2018-இல் நவ்தேஜ் ஜோஹர் வழக்கில் மறுபடி அவையே உள்ளே வந்தன. இடையில் அரசமைப்பில் சமத்துவம் பற்றிய 14-ஆம் பிரிவிலும், உயிர், சுதந்திரம் பற்றிய 21-ஆம் பிரிவிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை, நீதிபதிகள்தான் மாறினார்கள். முடிவை எடுத்துவிட்டு அதற்குத் தோதான மேற்கோளைத் தேடுகிறார்கள்.

தாமிரபரணி:
ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1995-இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் மக்வான்யானே வழக்கில் மரண தண்டனையை ஒழித்தது. நம் உச்ச நீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் அதே தண்டனை செல்லும் என்றிருந்தது, அதாவது அவர்கள் முடிவுக்கு நேர் எதிர். அந்தத் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தின் தலைவர் சாஸ்கால்சன் அதை மறைக்கவில்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு இந்தியாவின் 21-ஆம் பிரிவே இடம் தருகிறது, எங்கள் சட்டத்தில் உயிர் வாழும் உரிமைக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது என்று வாசகத்தை வைத்தே பதில் சொன்னார்.

கரிசல்காட்டான்:
சரி, ஆனால் வெளிநாட்டு வழக்குகளைக் கவனிக்கலாம் என்று அவர்களுடைய இடைக்கால அரசமைப்புச் சட்டமே 35-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. நம்முடையதில் எங்கே இருக்கிறது? 51-ஐக் காட்டாதீர்கள், அது பன்னாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தங்களையும் பற்றியது. அப்புறம், நடைமுறையே நியாயமானதா என்று நீதிமன்றம் சோதிக்க இடம் தரும் அமெரிக்காவின் 'டியூ பிராசஸ்' நமக்கு வேண்டாம் என்று அரசியல் நிர்ணய சபை தெரிந்தேதான் விட்டது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நீதிபதிகள் அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார்கள். இதற்கு யார் ஓட்டுப் போட்டது?

தாமிரபரணி:
வேண்டாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரிடம் பேசிவிட்டு வந்தபின் வலுப்பெற்றது அது. அந்த வெளிநாட்டு அறிவுரை உங்களுக்கு உறுத்தவில்லையே! மேனகா வழக்கில் நடந்ததையும் பாருங்கள். பொதுநலன் என்று ஒரு வார்த்தை சொல்லி அரசு தரப்பில் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கினார்கள், காரணம் கேட்டால் தர மறுத்தார்கள். சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தாலே போதும் என்ற 1950-இன் கோபாலன் தீர்ப்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அந்த நடைமுறை நியாயமா என்று நீதிமன்றம் கேட்டிருக்கவே முடியாது.

கரிசல்காட்டான்:
எதிரான தீர்ப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, தென்னாப்பிரிக்கா என்று நாடு நாடாக அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா? மாறும் என்றால் எந்த இடத்தில் என்று காட்டுங்கள், பேசுவோம்.