புதுப்பிப்பு: விலை உயர்ந்த ஹெச்எஃப் ரிக், காசு எதற்குப் போகிறது?

200 வாட் ஹெச்எஃப் ரிக்குக்கு (ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், சிற்றலையில் அனுப்பவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவி) 100 வாட் ரிக்கைவிடப் பல மடங்கு கொடுப்பது தகுமா என்று இந்த இழையைத் தொடங்கியிருந்தேன். கணக்கு இதோ. 100 வாட்டிலிருந்து 200-க்குப் போனால் 3 டெசிபல்தான் கூடும். ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி, அதாவது ஒரு எஸ் யூனிட், 6 டெசிபல். எதிர்முனையில் மீட்டர் அரை யூனிட் நகரும், அவ்வளவே.

விலை ஏறுவது பெரும்பாலும் ரிசீவரில்: ஃபேஸ் நாய்ஸ் (ஆசிலேட்டரே உண்டாக்கும் இரைச்சல்) குறைந்த ஆசிலேட்டர், பக்கத்து அலைவரிசையின் பலத்த சிக்னலை முன்கூட்டியே தடுக்கும் குறுகிய ரூஃபிங் ஃபில்டர், இரண்டாவது ரிசீவர். பக்கத்துத் தெருவில் இன்னொரு ஹாம் இருந்தால், அல்லது ரேடியோ போட்டிகளில் இறங்கினால் வித்தியாசம் தெரியும். மற்றபடி 7 மெகாஹெர்ட்ஸில் எல்ஈடி பல்பு போடும் இரைச்சல் எந்த ரிக்கிலும் கேட்கும்!

2016-ல் வந்த ஐகாம் 7300 போன்ற 100 வாட் ரிக்கே தாராளம். அனுப்பும்போது 21 ஆம்பியர் வரை இழுக்கும். பவர் சப்ளையிலிருந்து ரிக் வரை 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் போக வர சுமார் 0.9 வோல்ட் இழப்பு. 6 சதுர மி.மீ. என்றால் 0.4 வோல்ட்.

மிச்சக் காசை ஆன்டெனாவில் போடுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் இணைப்பு, இருபுறமும் சம நீள ஒயர் கொண்ட ஆன்டெனா) ஒவ்வொரு புறத்துக்கும் 10.3 மீட்டர் ஒயர் வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பார்த்தபடி இரு முனையிலும் சமமாகக் குறைத்து வாருங்கள்.